இசைத்தட்டும் வைர முள்ளும்

பிழைப்பு நிமித்தம் ஊரை விட்டுப் புறப்பட்ட நம் முன்னோர் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறியபோது, பித்தளைப் பாத்திரங்களோடும் சுவாமி படங்களோடும் சில இல்லங்களுக்கு மற்றொரு பெட்டியும் வந்து சேர்ந்தது. அதனுள் இருந்தவை இசைத்தட்டுகள். தாய்மொழி காதில் விழாத தெருக்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு, மாலை வேளையில் அந்தத் தட்டுகள் அளித்த ஆறுதல் சிறிதன்று.

அத்தட்டுகளின் பிறந்தகம் எது என்று ஆராய்ந்தால் வியப்பு உண்டாகும். கிராமபோன் கம்பெனியார் இந்தியாவில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தது 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில். தொடக்கத்தில் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சாகிக் கப்பலேறி வந்தன. 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்டது; பின்னர் அவ்வேலை அருகிலுள்ள தம்தம்முக்கு மாறிற்று. சென்னையில் பாடிய வித்துவான்களின் குரல் வங்காளத்தில் தட்டாக வார்க்கப்பட்டு, மீண்டும் தெற்கே சென்று விலைபோயிற்று. ஆகவே, தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ நம் பாட்டனார் வாங்கிய தட்டு, நம்மைப் போலவே இரண்டு ஊர்களைத் தன்னூராகக் கொண்டதே.

இன்று அப்பெட்டிகள் பரணிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியிருக்கின்றன. மேனாடுகளில் இசைத்தட்டுக்கு மறுவாழ்வு வந்துவிட்டது. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தகடுகளின் எண்ணிக்கையைக் கடந்துவிட்டது. அந்த ஆர்வம் நம் இளைஞர்களையும் தொற்றிக்கொண்டதில் வியப்பில்லை. வீட்டிலிருக்கும் பழைய ரிக்கார்டு பிளேயரைத் தூசி தட்டி எடுத்துப் பாட வைக்கிறார்கள். பாட்டு வருகிறது, ஆனால் கரகரப்பும் இரைச்சலும் கலந்து வருகிறது. உடனே எழும் கேள்வி ஒன்றே: "ஒலி நன்றாக வர எதை வாங்கலாம்?"

பெரும்பாலோர் கடைக்குச் சென்று பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை வாங்கி வருகின்றனர். பணம் செலவாகிறது, கரகரப்போ முன்னிலும் பெரிதாகக் கேட்கிறது. எதை முதலில் திருத்த வேண்டும், எதைக் கடைசியில் வாங்க வேண்டும் என்னும் வரிசை தெரியாததே இதற்குக் காரணம். அவ்வரிசையை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டியில் இருந்தால்தானே?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. இசைத்தட்டு விஷயத்தில் இது எழுத்துக்கு எழுத்து உண்மை. தட்டின் மேல் சுருள் சுருளாகச் செல்லும் நுண்ணிய தடத்தில்தான் பாட்டு முழுவதும் அடங்கியிருக்கிறது. அத்தடத்தின் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகளை முள் தடவிச் செல்கிறது. முள்ளின் அசைவைக் காட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டி மின்னோட்டமாக மாற்றுகிறது. ஆம்ப்ளிபயர் அதனைப் பெருக்குகிறது. ஒலிபெருக்கி அதனை மீண்டும் ஒலியாக்குகிறது. முள் எடுக்கத் தவறியதை இப்பின்னவற்றுள் எதுவும் புதிதாகப் படைத்துத் தர இயலாது. முள் செய்யும் பிழையை அவை உரக்கச் சொல்லுமேயன்றித் திருத்தமாட்டா.

ஒலிபெருக்கியே தலையாயது என்னும் கருத்து ஒரு காலத்தில் மேனாடுகளிலும் பரவியிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் எல்.பி.12 என்னும் கருவியோடு தோன்றிய ஸ்காட்லாந்து நாட்டு லின் நிறுவனத்தார், தட்டிலிருந்து ஒலியை எடுக்கும் இடமே முதன்மையானது என்று வாதிட்டுப் பலரது எண்ணத்தை மாற்றினர். அவர்கள் சொன்னதில் வாணிப நோக்கமும் உண்டு. எனினும் அடிப்படை நியாயம் மறுக்கத் தக்கதன்று.

இதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. மட்டமான ஒலிபெருக்கியில் பத்தாண்டு காலம் கேட்டாலும் தட்டுக்கு ஒரு தீங்கும் இல்லை. நல்லதொன்று வாங்கிய அன்றே இசை பொலிவு பெறும். தேய்ந்த முள் அப்படிப்பட்டதன்று. அது தடத்தின் சுவரைச் செதுக்குகிறது. செதுக்கப்பட்ட இடத்தில் இருந்த கமகமோ பிருகாவோ மீண்டு வருவதில்லை. எத்துணை விலை உயர்ந்த கருவியை நாளை வாங்கினாலும், இன்று அழித்ததை அது தராது. நம் வீடுகளில் உள்ள தட்டுகளுள் சில மறுபதிப்புக் காணாதவை; வேறெங்கும் கேட்கக் கிடைக்காத கச்சேரிகளும் நாடகப் பாடல்களும் அவற்றுள் இருக்கக்கூடும். ஆதலால், ஒலியை உயர்த்துவது என்பதன் முதற்படி, தட்டுக்கு நேரும் சேதத்தை நிறுத்துவதே.

முள்ளின் கணக்கு

நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீண்ட இசைத்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி 1948-இல் வெளியிட்டது. அதன் ஒரு பக்கம் 20 நிமிடம் பாடுவதாகக் கொண்டால், முள் கடக்கும் தடத்தின் நீளம் ஏறக்குறைய 430 மீட்டர். வைர முள்ளுக்குப் பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம் வரை ஆயுள் சொல்வார்கள். 1,000 மணி நேரம் ஓடிய முள் ஏறத்தாழ 1,290 கிலோமீட்டர் நடந்திருக்கும். அதாவது, சென்னையிலிருந்து மும்பைக்கு ரயில் செல்லும் தொலைவை, கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரத் துணுக்கு தடத்தில் உராய்ந்தபடியே கடந்திருக்கிறது! இவ்வளவு நடந்த பின் அதன் முனை தேயாதிருக்குமா? பழைய கருவிகள் பலவற்றில் வைரம்கூட இல்லை. நீலக்கல் முள்தான் இருந்தது. அதன் ஆயுள் சில பத்து மணி நேரங்களே.

ஆகவே, பரணிலிருந்து இறங்கிய கருவியில் எந்தத் தட்டையும் வைப்பதற்கு முன், முள்ளை மாற்றிவிடுவதே முறை. முள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்ல ஆளில்லாதபோது, அது தேய்ந்தது என்று கொள்வதே பாதுகாப்பு. பெரும்பாலான காட்ரிட்ஜுகளில் முள் பகுதியை மட்டும் கழற்றிப் புதிது பொருத்தலாம்.

முள்களில் அளவு வேறுபாடும் உண்டு. 78 சுற்று அரக்குத் தட்டுகளின் தடம் அகன்றது. அதற்குரிய முள்முனையின் ஆரம் 65 முதல் 75 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீண்ட இசைத்தட்டின் மோனோ பதிவுகளுக்கு 25 மைக்ரானும், ஸ்டீரியோ பதிவுகளுக்கு 18 மைக்ரானும் அதற்குக் குறைவும் ஏற்றவை. நீண்ட இசைத்தட்டின் முள்ளை அரக்குத் தட்டில் வைத்தால், அது தடத்தின் அடிப்பகுதியில் உருண்டு, அங்கு படிந்துள்ள அழுக்கையெல்லாம் பாடிக் காட்டும். அரக்குத் தட்டின் முள்ளை நீண்ட இசைத்தட்டில் வைத்தாலோ தடமே சிதையும். பழைய கருவிகளில் காட்ரிட்ஜின் ஓரத்தில் ஒரு சிறு பிடி இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு முள் போய் மற்றொன்று வரும். தட்டு வைக்கும்முன் அப்பிடி எப்பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். கைச்சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனிலோ, ஒருபோதும் நீண்ட இசைத்தட்டை வைத்தலாகாது. அதன் எஃகு முள்ளும் ஒலிப்பெட்டியின் பளுவும் ஒரே முறையில் தட்டைப் பாழாக்கிவிடும்.

முனையின் வடிவம் அடுத்து வருவது. கூம்பு வடிவ முனை எளியது, விலை குறைந்தது. நீள்வட்ட முனை தடத்தின் நுண்ணிய நெளிவுகளுக்குள் மேலும் நன்றாகப் பொருந்தும். இன்னும் மெல்லிய கோடு போல் சுவரைத் தொடும் முனைகளும் உண்டு; ஜப்பானியர் 1970-களில் நாற்புற ஒலித் தட்டுகளுக்கென வகுத்த ஷிபாட்டா முனை இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய முனை, பழைய முள் தேய்த்த இடத்தை விட்டு, சுவரின் தேயாத பகுதியைத் தொடவும் கூடும். அப்போது, கெட்டுப்போனதென்று ஒதுக்கிய தட்டுகூடத் தெளிவாகப் பாடுவதுண்டு. ஆடியோ டெக்னிகா நிறுவனத்தாரின் வி.எம்.95 வரிசையில் ஒரே காட்ரிட்ஜில் கூம்பு, நீள்வட்டம், ஷிபாட்டா, 78 சுற்றுத் தட்டுக்குரியது என வெவ்வேறு முள்களை மாற்றிப் பொருத்த வசதி செய்திருக்கிறார்கள். இருவகைத் தட்டுகளும் உள்ள குடும்பங்களுக்கு இவ்வேற்பாடு மிகவும் பயன்படும்.

எடையும் மட்டமும்

நல்ல முள் வாங்கியதோடு வேலை முடிவதில்லை. அது எவ்வளவு பளுவோடு தட்டின்மேல் அமர்கிறது என்பதும் முக்கியம். இக்காலத்துக் காந்தக் காட்ரிட்ஜுகள் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராம் வரையிலான பளுவை வேண்டுகின்றன. 1957 முதல் வழங்கிய வெண்கல 1 நயா பைசாவின் எடை 1.5 கிராம். அந்தக் காசைக் கையில் வைத்துப் பார்த்த முதியோர்க்கு இப்பளு எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். பழைய பீங்கான் காட்ரிட்ஜுகளோ இதைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் அழுத்துபவை. கைப்பெட்டி வடிவில் ஒலிபெருக்கியும் உள்ளடங்கியதாக இன்று விற்கும் மலிவுக் கருவிகள் பலவற்றிலும் இவ்வகைக் காட்ரிட்ஜே உள்ளது. பளுவைக் கூட்டவோ குறைக்கவோ அவற்றில் வழியில்லை. பரிசளிக்க அழகாகத்தான் இருக்கின்றன; ஆனால் மறுபடி கிடைக்காத தட்டுகளை அவற்றில் வைக்க வேண்டாம் என்பதே நாம் கூறும் யோசனை.

பளு குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று சிலர் எண்ணுவர். அது சரியன்று. போதிய பளு இல்லாத முள் தடத்தில் நிலைகொள்ளாமல் துள்ளும்; துள்ளி விழும்போது சுவரைக் கொத்தும். காட்ரிட்ஜ் செய்தவர் குறித்த அளவே சரியான அளவு. 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசுகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. முள் அமரும் இடம் தட்டின் மட்டத்தோடு ஒத்திருக்குமாறு தராசை வைத்து நிறுத்து, கையின் பின்புறமுள்ள எடையைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்.

கருவி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமே போதும். சுழல்தட்டின் மேல் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பார்த்து, கால்களின் கீழ் அட்டைத் துண்டு கொடுத்துச் சமன் செய்யலாம். மாடிக் குடியிருப்புகளில் குழந்தைகள் ஓடினால் முள் துள்ளும். சுவரில் பதித்த தட்டுப்பலகையோ, கனத்த கடப்பைக் கல்லோ அதிர்ச்சியைக் குறைக்கும். ஒலிபெருக்கியையும் கருவியையும் ஒரே மேசையில் வைப்பது கூடாது. ஒலிபெருக்கியின் அதிர்வு முள்ளுக்கே திரும்பிச் சென்று முழக்கமாகக் கேட்கும்.

மற்றொன்று, முள்ளின் கோணம். தட்டை வெட்டிய இயந்திரத்தின் முள் நேர்கோட்டில் நகர்ந்தது. நம் கருவியின் கையோ ஓர் அச்சில் சுழன்று வில்போல் நகர்கிறது. ஆகவே இரண்டே இடங்களில்தான் முள் தடத்துக்கு முற்றிலும் நேராக நிற்க முடியும். 1941-இல் பேர்வால்ட் என்னும் அறிஞர் செய்த கணக்கின்படி, தட்டின் நடுவிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் அவ்விடங்கள் அமைவது நலம். இவ்விரு புள்ளிகளும் குறித்த காகிதக் கோணமானியைச் சுழல்தட்டில் வைத்து, காட்ரிட்ஜின் திருகுகளைத் தளர்த்தி, முள்ளை நேராக்கிக்கொள்ளலாம். காகிதத்தை அச்சிட்டதும் அளவுகோலால் அளந்து பார்ப்பது நன்று. அச்சில் சிறிது சுருங்கியிருந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நீண்ட இசைத்தட்டின் வெளிச்சுற்றில் தடம் முள்ளைக் கடக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர். உட்சுற்றில் அது 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அவ்வளவு ஒலியும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. கோணம் பிழைத்த முள் அவ்விடத்தில்தான் தடுமாறும். பக்கத்தின் முடிவில் பாடகர் மேல்ஸ்தாயிக்குச் செல்லும்போது குரல் கிறீச்சிடுவதைக் கேட்டிருப்போம். அது பாடகரின் குறையன்று. பெரும்பாலும் நம் திருகுகளின் குறை.

பழைய காட்ரிட்ஜும் புதிய காட்ரிட்ஜும்

பீங்கான் காட்ரிட்ஜை விட்டுக் காந்தக் காட்ரிட்ஜுக்கு மாறுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பீங்கான் வகை தரும் மின்னழுத்தம் சில நூறு மில்லிவோல்ட். அதனால் அதை நேரே ஆம்ப்ளிபயரில் இணைத்தாலும் பாடியது. காந்த வகை தருவதோ 3 முதல் 5 மில்லிவோல்ட் வரையே. இதனை நூறு மடங்களவு பெருக்கித் தர, போனோ என்று குறிக்கப்பட்ட முன்பெருக்கி ஒன்று வேண்டும். சில ஆம்ப்ளிபயர்களிலும் சில புதிய கருவிகளிலும் இது உள்ளேயே அமைந்திருக்கும். இல்லாவிடில் தனியே வாங்க வேண்டும்.

அம்முன்பெருக்கி மற்றொரு பணியும் செய்கிறது. தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவு செய்வது வழக்கம். தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் தடம் அகன்று இடத்தை விழுங்கிவிடும். உயர்ந்த ஒலிகளைக் கூட்டி வெட்டினால், பின்னர் அவற்றைக் குறைக்கும்போது தட்டின் இரைச்சலும் கூடவே குறையும். இதற்கான பொது அளவு 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலினரின் சங்கத்தால் வகுக்கப்பெற்றது. முன்பெருக்கி இதனைத் தலைகீழாக்கி ஒலியைச் சமநிலைக்குக் கொணர்கிறது. முன்பெருக்கி இல்லாமல் காந்தக் காட்ரிட்ஜை இணைத்தால் மிருதங்கத்தின் தொப்பி மறைந்து, வலந்தலை மட்டும் தகரம்போல் ஒலிக்கும். கருவி கெட்டுவிட்டது என்று அப்போது எண்ண வேண்டா; இடையில் ஒரு சிறு பெட்டி குறைகிறது, அவ்வளவே.

கருவியிலிருந்து வரும் மெல்லிய தனிக் கம்பியை ஆம்ப்ளிபயரின் நிலமுனையில் மாட்டாதிருந்தால் 'உம்' என்னும் முனகல் கேட்கும். வாடகை வீடுகளில் சுவர்ச் செருகியின் நிலக்கம்பி பெயரளவுக்கே இருப்பதும் உண்டு. மின்பணியாளரை அழைத்துச் சோதிப்பது இசைக்கு மட்டுமன்றி உயிருக்கும் பாதுகாப்பு.

மோனோ தட்டுகளைக் கேட்போர்க்கு ஒரு சிறு உபாயம். மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டுமே உள்ளது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது இரைச்சலே. ஆம்ப்ளிபயரில் மோனோ என்னும் விசை இருந்தால் அதை அழுத்துக. இரைச்சலில் ஒரு பகுதி உடனே மறையும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

சுருதி தவறாத சுழற்சி

நம் சங்கீதத்துக்குச் சுழற்சியின் வேகம் உயிர்நிலை. தம்புராவின் நீண்ட நாதத்தில் அலைவு இருந்தால் வேகம் நிலையாக இல்லை என்பது சிறு குழந்தைக்கும் விளங்கும். ரப்பர்ச் சக்கரம் இறுகியிருக்கலாம், பட்டை தளர்ந்திருக்கலாம், அச்சிலுள்ள மசகு காய்ந்து பிசினாகியிருக்கலாம். பழைய மசகைத் துடைத்துவிட்டு, அச்சுக்கு மெல்லிய எண்ணெய் சில துளி இட்டால் பெரும்பாலும் சரியாகும். ரப்பர்ச் சக்கரத்தின் விளிம்பிலோ பட்டையிலோ மட்டும் எண்ணெய் படக்கூடாது, பட்டால் வழுக்கும்.

அமெரிக்காவிலுள்ள உறவினர் அன்போடு கொண்டுவந்து தரும் பழைய கருவிகளில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 சைக்கிள். இங்கே 230 வோல்ட், 50 சைக்கிள். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்துவிடலாம். சைக்கிளை அது மாற்றாது. மின்சாரத்தின் சைக்கிளைப் பின்பற்றிச் சுழலும் மோட்டார் உள்ள கருவியில், 33⅓ சுற்று ஏறக்குறைய 28 சுற்றாகிவிடும். ஐந்து கட்டையில் பாடும் குரல் மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடும். இதற்கு மோட்டாரின் கப்பியை 50 சைக்கிளுக்குரியதாக மாற்றுவதே பழைய பரிகாரம். நேர்மின்னோட்ட மோட்டார் உள்ள இக்காலக் கருவிகளுக்கு இத்தொல்லை இல்லை.

வேகத்தைச் சோதிக்க 180 கோடுகள் வரைந்த வட்டக் காகிதம் ஒன்று உண்டு. 50 சைக்கிள் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கின் கீழ் 33⅓ சுற்றில் அது சுழலும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். கோடுகள் முன்னே நகர்ந்தால் வேகம் மிகுதி. பின்னே நகர்ந்தால் வேகம் குறைவு. இக்காலத்துப் புதிய விளக்குகள் பலவற்றில் இது தெரியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தூசியும் பூஞ்சையும்

தில்லிவாசிகளுக்குத் தூசி பகை. மும்பை, கொல்கத்தாவாசிகளுக்கு மழைக்காலப் பூஞ்சை பகை. தூசி படிந்த தட்டில் நல்ல முள்ளை ஓட்டுவது, மணல் கலந்த அரிசியை நல்ல பல்லால் கடிப்பதை ஒக்கும். கழுவாத தட்டுக்குப் புது முள்ளை வைக்கவே கூடாது.

வினைல் என்னும் நெகிழிப்பொருளாலான நீண்ட இசைத்தட்டுகளை, வாலை வடிநீரில் சில துளி மென்மையான சோப்புத் திரவம் கலந்து, மெத்தென்ற துணியால் தடத்தின் போக்கிலேயே துடைத்து, பின் வெறும் வடிநீரால் அலசி, நிழலில் செங்குத்தாக உலர்த்த வேண்டும். நடுவிலுள்ள காகித முத்திரையில் நீர் படாமல் காக்க வேண்டும். அரக்குத் தட்டுகளுக்கு ஓர் எச்சரிக்கை: அவற்றின் பிணைப்பொருள் நம் நாட்டுக் காடுகளில் பூச்சிகள் தரும் அரக்கு; அது சாராயத்தில் கரையும். கடையில் விற்கும் துப்புரவுத் திரவங்கள் சிலவற்றில் சாராயம் கலந்திருக்கும். அது பட்டால் தட்டின் முகமே கரைந்துபோகும். ஆகவே அரக்குத் தட்டுக்கு அத்திரவங்கள் வேண்டா. வடிநீரும் சோப்புத் துளியும் போதும், அதையும் உடனே துடைத்து உலர்த்திவிட வேண்டும்.

தட்டுகளை அடுக்கி வைக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த உறைகளை மாற்றுவது நன்று. உறையிலுள்ள படமும் எழுத்தும் அரியவை என்றால் உறையைத் தனியே காத்து, தட்டைப் புது உறையில் இடலாம்.

செலவின் வரிசை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். முதலில் தட்டைக் கழுவுவது; அடுத்து முள்ளை மாற்றுவது; அடுத்து பளுவும் கோணமும் மட்டமும் திருத்துவது. இம்மூன்றும் சிறு செலவினவே. ஒலியில் வரும் மாற்றமோ பெரிது. நான்காவதாக, பழைய கருவி பீங்கான் காட்ரிட்ஜ் தவிர வேறெதையும் ஏற்காததாயின், காந்தக் காட்ரிட்ஜும் பளு திருத்தும் வசதியும் உள்ள புதிய கருவியும் முன்பெருக்கியும் வாங்குவது. ஐந்தாவதாகவே பெரிய ஆம்ப்ளிபயரும் ஒலிபெருக்கியும். இவ்வரிசையை மாற்றுவோர் பணத்தையும் இழப்பர், தட்டையும் இழப்பர்.

கருவி இவ்வாறு செப்பமுற்ற பின் இன்னொரு கடமையும் இருக்கிறது. அரிய தட்டுகளை ஒரு முறை, நல்ல முள்ளால், கணிப்பொறியில் பிரதி எடுத்து வைப்பதே அது. இரைச்சலை நீக்கிய பிரதி கேட்க இனிமையாக இருக்கும். ஆயினும் ஒன்றையும் நீக்காத மூலப் பிரதியையும் தனியே வைத்திருக்க வேண்டும். இரைச்சலை நீக்கும் கருவிகள் நாளை இன்னும் தேர்ச்சி பெறக்கூடும். ஆனால் முள் மீண்டும் மீண்டும் உராய்ந்த தடம் நாளை இன்று போல் இராது. தட்டின் முத்திரையிலுள்ள பெயர், எண் ஆகியவற்றையும் பிரதியோடு குறித்து வைத்தால், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பேரக்குழந்தைகளும் பாடியவர் யார் என்பதை அறிவர்.

எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் வெளிவந்தது. அதனைக் கேட்க இன்று நூறு வழிகள் உண்டு. ஆனால் நம் பெட்டியின் அடியில் கிடக்கும், பெயர் மங்கிய மூன்று நிமிடப் பாடலுக்கு அந்த ஒரு தட்டைத் தவிர வேறு வழி இல்லாதிருக்கலாம். வெளியூரில் வாழும் நாம் தாய்மொழியைக் காக்கக் கூட்டங்கள் கூட்டுகிறோம், பிள்ளைகளுக்கு வகுப்புகள் நடத்துகிறோம். வீட்டிலேயே இருக்கும் குரலைக் காப்பதும் அப்பணியில் ஒரு பகுதியே. பெரிய பெட்டி வாங்குவது அடுத்த தீபாவளிக்கு ஆகட்டும். முள்ளைக் கழற்றிப் பார்ப்பது வரும் ஞாயிற்றுக்கிழமையே நடக்கட்டும்.